திண்ணை வக்கீல் பதில்கள்: பொட்டலத்துக்கு ஜெயிலா, ஆஸ்பத்திரியா?

போன இதழில் கஞ்சா வழக்கு ஜாமீன் பற்றி நாலு வரி எழுதப்போக, ஆசிரியர் ஒரு மஞ்சப்பை நிறையக் கடிதம் அனுப்பிவிட்டார். பெயரையும் ஊரையும் கொட்டை எழுத்தில் போடவில்லை என்று சண்டை பிடிக்கும் வாசகர்கள்கூட இந்தத் தடவை ‘பெயர் வேண்டாம் சார்’ என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருக்கிறார்கள். அதனால் எல்லோர் பெயரையும் எடுத்தாயிற்று. ஊர் மட்டும் நிற்கிறது. புதிதாகப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி ஒரு வரி: மதுரையில் 31 வருஷமாகக் கிரிமினல் பக்கம் நிற்கிறேன். என் அலமாரியில் இருக்கும் கட்டுகளில் பாதி கஞ்சாக் கேஸ்தான்.

● கஞ்சா ஒரு செடி. இயற்கை கொடுத்தது. அதைச் சட்டபூர்வமாக்கினால் என்ன கெட்டுப்போகும்?
கல்லூரி மாணவர், கோவை

அரளியும் செடிதான் தம்பி. செடி என்ற ஒரே தகுதியை வைத்து வாதாடினால் நீதிபதி அடுத்த கேஸைக் கூப்பிடச் சொல்லிவிடுவார். உன் பக்கம் இதைவிட நல்ல வாதங்கள் உண்டு. அதற்கு முன்னால், நீ ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கும் இரண்டு விஷயத்தைப் பிரித்துத் தருகிறேன்.

சட்டபூர்வமாக்குவது என்றால் டாஸ்மாக். பயிரிட லைசென்ஸ், விற்கக் கடை, வாங்க வரிசை, அரசுக்கு வரி. உருகுவே 2013-ல் அதற்குச் சட்டம் போட்டது, கனடா 2018 அக்டோபரில் கடையே திறந்தது. இன்னொன்று, வைத்திருப்பதையும் இழுப்பதையும் குற்றமாகப் பார்க்காமல் விடுவது. அது ஹெல்மெட் மாதிரி. ஹெல்மெட் போடாமல் போனால் தப்புதான், வண்டியை ஓரம் கட்டச் சொல்லி ஃபைன் எழுதுவார்கள். அதற்காக உன்னை ரிமாண்டு செய்து ஜெயிலுக்கு அனுப்பமாட்டார்கள், உன் பெயருக்கு எதிரே ‘தண்டனை பெற்றவர்’ என்று எழுதமாட்டார்கள். விற்பவனுக்கு ஜெயில் அப்படியே இருக்கும்.

இன்றைய கணக்கைத் தெரிந்துகொள். கஞ்சா 1 கிலோ வரை ‘சிறிய அளவு’. அதற்கு ஒரு வருஷம் வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் ‘வணிக அளவு’. அங்கே குறைந்தபட்சமே 10 வருஷம், மேலே 20 வரை போகும், ஜாமீன் குதிரைக்கொம்பு. கையில் ஒன்றும் இல்லை, இழுத்தது மட்டும்தான் என்றாலும் என்.டி.பி.எஸ். என்கிற போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 27-வது பிரிவில் ஆறு மாதம் வரை உள்ளே வைக்கலாம்.

என் கட்சி என்ன என்று கேட்டால், ஹெல்மெட்டுக்குச் சரி, டாஸ்மாக்குக்கு வேண்டாம். காரணம் கேட்டு மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள், கீழே வருகிறது.

● எங்கள் தாத்தா காலத்தில் மலையில் சும்மா முளைத்துக் கிடக்கும். சாமியார்கள் சிவமூலி என்பார்கள். திடீரென்று இது எப்போது குற்றமாயிற்று?
விவசாயி, கூடலூர் (தேனி)

தேதியோடு சொல்கிறேன் ஐயா. 14.11.1985. குழந்தைகள் தினத்தன்றுதான் என்.டி.பி.எஸ். சட்டம் அமலுக்கு வந்தது. அதற்கு முன்னாலும் இங்கே தடை உண்டு, ராஜாஜியின் 1937 மதுவிலக்குச் சட்டத்திலேயே போதைப் பொருளும் சேர்ந்துதான் இருந்தது. ஆனால் இன்றைக்கு இருக்கும் கொம்பும் பல்லும் 1985-ல்தான் முளைத்தது.

இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. கஞ்சா குடித்துக் குடித்து இந்தியர்கள் பைத்தியமாகிறார்களா என்று விசாரிக்க 1893-ல் வெள்ளைக்கார அரசாங்கம் ஒரு கமிஷன் போட்டது. ஏழு பேர். நாடெங்கும் சுற்றி 1,193 சாட்சிகளை விசாரித்தார்கள். 1894-ல் வந்த அறிக்கை, அளவோடு எடுப்பவர்களுக்குப் பெரிய கெடுதல் இல்லை, அடியோடு தடை செய்வது தேவையும் இல்லை, புத்திசாலித்தனமும் இல்லை, வரி போட்டுக் கட்டுக்குள் வையுங்கள் என்றது. வெள்ளைக்காரனுக்கு அந்த வரியில் வருமானம் இருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இருந்தாலும் 1,193 சாட்சி! என் வாழ்நாளில் ஒரு கேஸில் 20 சாட்சியைத் தாண்டிப் பார்த்ததில்லை.

பிறகு 1961-ல் உலக நாடுகள் ஒப்பந்தம். அதில் நம் ஆட்கள் கெட்டிக்காரத்தனமாக இலையைக் காப்பாற்றிவிட்டார்கள். பூவும் காயும் பிடித்த கொழுந்துதான் கஞ்சா, கொழுந்தோடு சேராத தனி இலையும் விதையும் கஞ்சா ஆகாது. 1985 சட்டத்திலும் அதே வரிதான். காசியில் அரசு லைசென்ஸோடு, கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங்கு விற்கும் கடை நடப்பது இந்த ஓட்டையில்தான்.

உங்கள் ஊர்ப்பக்கத்துக் கேஸ்களில் எனக்குச் சோறு போட்டதும் இந்த வரிதான். செடியை வேரோடு பிடுங்கி, தண்டு, இலை, காய் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் திணித்து, பக்கத்துக் காய்கறிக் கடையில் கடன் வாங்கிய தராசில் நிறுத்து, மகஜர் என்கிற பறிமுதல் குறிப்பில் ‘21 கிலோ’ என்று எழுதியிருப்பார்கள். மழைக்காலம் என்றால் தண்ணீரும் சேர்ந்த எடை. சாக்கில் ஈரம் காய்ந்து கோர்ட்டுக்கு வரும்போது 17-ல் நிற்கும். கூண்டில் நிற்கும் அதிகாரியிடம் நான் கேட்பது ஒரே கேள்வி: “பூவும் காயும் மட்டும் எத்தனை கிலோ?” அவர் சொல்வதும் ஒரே பதில்: “தனியாக எடை போடவில்லை.” 20-க்கு மேலா கீழா என்பதில் ஒரு கூலிக்காரனின் பத்து வருஷம் தொங்குகிறது. அந்தத் தராசில் கத்தரிக்காய் ஒட்டியிருந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

● சார், எலி கஞ்சா தின்னுமா?
வாசகி, விருதுநகர்

எலியைக் குறுக்கு விசாரணை செய்ய எனக்கு இன்னும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. உத்தரப்பிரதேச மதுராவில் 581 கிலோவை எலி தின்றுவிட்டதாக 2022-ல் கோர்ட்டில் போலீஸ் சொன்னது. 2023-ல் சென்னையில் 22 கிலோ வழக்கிலும் அதே எலி. குற்றம் சாட்டப்பட்ட இரண்டு பேரும் விடுதலையாகிவிட்டார்கள்.

● என் மகனுக்கு 19 வயது. துணி துவைக்கும்போது பேன்ட் பையில் பொட்டலம் பார்த்தேன். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனால் அவர்களே போலீஸுக்குச் சொல்லிவிடுவார்களா? அவன் அப்பா, ஸ்டேஷனில் விடு, நாலு அடி விழுந்தால் திருந்திவிடுவான் என்கிறார்.
தாய், திருமங்கலம் பக்கம்

ஸ்டேஷன் வேண்டாம் அம்மா. அவன் அப்பாவிடம் இந்தப் பக்கத்தையே கிழித்துக் கொடுங்கள். அடி விழுந்து திருந்தி வந்த ஒரு பையனையும் என் ஆபீஸ் பார்த்ததில்லை. உள்ளே போய்விட்டு, அங்கே புதுப் பழக்கத்தையும் புதுச் சிநேகிதத்தையும் பிடித்துக்கொண்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறது.

உங்கள் பயத்துக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 64-ஏ பிரிவு. போதைக்கு அடிமையானவர் அரசு ஆஸ்பத்திரியிலோ, அரசு அங்கீகரித்த இடத்திலோ தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால், இழுத்ததற்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ அவர் மீது வழக்கு நடத்தக் கூடாது. வழக்குப் பதிவான பிறகுகூட இதைக் கேட்கலாம். ஒரே நிபந்தனை, சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்புப் போய்விடும். இது போக 2017 மனநலச் சட்டம் இருக்கிறது. நோயாளி சொன்னதை ரகசியமாக வைத்திருப்பது ஆஸ்பத்திரியின் கடமை என்று அது சொல்கிறது. ஆகவே டாக்டர் ஃபோனை எடுத்து இன்ஸ்பெக்டரைக் கூப்பிடுவார் என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மனநலப் பிரிவு ஓ.பி. சீட்டுப் போதும். ‘கலங்கரை’ என்ற பெயரில் 2025-ல் அரசு ஆஸ்பத்திரிகளில் 25 இடங்களில் போதை மீட்பு மையம் திறந்திருக்கிறார்கள், உங்களுக்கு அருகில் எது என்று அங்கேயே கேளுங்கள். முதலில் பேச மட்டும் வேண்டும் என்றால் 14446, காசு கிடையாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. ரோட்டோரத்தில் ‘குடிபோதை மறுவாழ்வு மையம்’ என்று ஃபிளெக்ஸ் கட்டி, வேன் அனுப்பி ராத்திரியோடு ராத்திரியாகப் பையனைத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்பவர்களிடம், மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் கதவைச் சாத்துங்கள். அப்படி ஓர் இடத்தில் கட்டிப்போட்டு அடித்ததில் இறந்துபோன ஒருவரின் குடும்பத்துக்காக நான் வழக்கு நடத்தியிருக்கிறேன்.

அந்தப் பொட்டலத்தை என்ன செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

● சிங்கப்பூரைப் பாருங்கள். தூக்குத் தண்டனை என்றதும் ஒரு பயல் தொடுகிறானா? நமக்குத் தேவை பயம். நீங்கள் தளர்த்தச் சொல்கிறீர்கள்.
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பழனி

சிங்கப்பூர்த் தெரு சுத்தம் என்பதை ஒப்புக்கொள்கிறேன் ஐயா. தரை வழியாக நுழைய இரண்டே பாலம் இருக்கும் தீவு அது. நமக்கு விசாகப்பட்டினத்திலிருந்து வரும் ஒவ்வொரு ரயிலிலும் பொட்டலத்தை ஒளிக்க எத்தனை பெட்டி, எத்தனை சீட், எத்தனை கக்கூஸ் கூரை என்று எண்ணிப் பாருங்கள்.

அந்தத் தூக்கில் தொங்கியது யார் என்பதையும் பார்க்க வேண்டும். தங்கராஜு சுப்பையா என்ற சிங்கப்பூர்த் தமிழரை 26.4.2023 அன்று சாங்கி சிறையில் தூக்கிலிட்டார்கள். 1,017.9 கிராம் கஞ்சா கடத்த உடந்தை என்பது வழக்கு. அந்தக் கஞ்சாவை அவர் கையில் யாரும் பார்க்கவில்லை, இரண்டு ஃபோன் எண்களை வைத்துத்தான் அவரைக் கோத்தார்கள். அதே எடையை நம் தராசில் வையுங்கள். சிறிய அளவைவிட 17.9 கிராம் கூடுதல், ஒரு கரண்டி வெந்தயம். இங்கே அதற்கு அதிகபட்சம் 10 வருஷம், ஜாமீனும் கிடைக்கும். அதற்கு முந்திய ஏப்ரலில் நாகேந்திரன் தர்மலிங்கம், மலேசியத் தமிழர். தொடையில் கட்டிக்கொண்டு வந்தது 42.72 கிராம் ஹெராயின். அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று வக்கீல்கள் கடைசிவரை மன்றாடினார்கள். பொருளை அனுப்பிய முதலாளி அந்தக் கயிற்றின் பக்கமே வரவில்லை.

இங்கேயும் அதுதான். என்னிடம் வரும் வணிக அளவுக் கேஸ்களில் மாட்டியவர்கள் யார் தெரியுமா? இரண்டாயிரத்துக்கும் மூவாயிரத்துக்கும் பை தூக்கியவர்கள். பைக்குள் என்ன என்று தெரியும், பை யாருடையது என்று தெரியாது. 31 வருஷத்தில் பையின் சொந்தக்காரர் ஒருவர்கூட என் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை.

இன்னொன்று. நம் சட்டத்திலும் தூக்கு உண்டு. பெரிய அளவில் இரண்டாம் தடவை சிக்கினால் கட்டாயத் தூக்கு என்று இருந்ததை 2011-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் கட்டாயமில்லை என்று தளர்த்தியது, 2014 திருத்தத்தில் அது நீதிபதியின் விருப்பத்துக்கு விடப்பட்டது. கட்டாயத் தூக்கு சட்டப் புத்தகத்தில் இருந்த அந்த வருஷங்களில் பொட்டலம் ஊரில் குறைந்ததாக உங்கள் பள்ளிக்கூட வாசலில் நின்ற உங்களுக்கு நினைவிருக்கிறதா?

● துபாயில் இருக்கும் மகளுக்குக் கசகசா கொடுத்து அனுப்பலாமா?
இல்லத்தரசி, காரைக்குடி

கூடவே கூடாது. அது ஓபியம் செடியின் விதை, அங்கே தடை செய்த பொருள். குருமாவுக்கு முந்திரி அரைத்துக்கொள்ளட்டும்.

● போர்ச்சுகல் 2001-லேயே எல்லாப் போதைப் பொருளையும் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அங்கே வானம் இடிந்து விழவில்லை. நாம் ஏன் இன்னும் 1985-லேயே நிற்கிறோம்?
ஐ.டி. ஊழியர், சென்னை

போர்ச்சுகல் என்று எழுதுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் எழுதுகிறார்கள். முழுக்கச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

1990-களில் அந்த நாட்டில் நூற்றுக்கு ஒருவர் ஹெராயினில் விழுந்திருந்தார்கள். ஒரு கோடி ஜனத்தில் ஒரு லட்சம் பேர். லிஸ்பனில் காசல் வென்டோசோ என்ற பேட்டையில் பட்டப்பகலில் தெருவில் உட்கார்ந்து ஊசி போட்டுக்கொண்டார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளை, மந்திரி வீட்டுப் பிள்ளை என்று வித்தியாசம் இல்லை. எல்லோர் வீட்டிலும் ஒருவர் என்றான பிறகுதான் அரசியல்வாதிக்கு உறைத்தது. ஜோவாவ் கூலாவ் என்ற குடும்ப டாக்டர் உள்ளிட்ட சிலரை உட்காரவைத்து யோசனை கேட்டார்கள். 1.7.2001 முதல் சட்டம் மாறியது.

பத்து நாள் உபயோகத்துக்குள் இருந்தால் கிரிமினல் குற்றம் இல்லை. கஞ்சா 25 கிராம், கொக்கைன் 2 கிராம், ஹெராயின் 1 கிராம். ஆனால் போலீஸ் கைகட்டி நிற்காது. பிடிக்கும், பொருளைப் பறிக்கும், சீட்டு எழுதிக் கொடுக்கும். அந்தச் சீட்டோடு மூன்று பேர் குழு முன்னால் போய் உட்கார வேண்டும். ஒருவர் சட்டம் படித்தவர் (எங்கள் பிழைப்பு அங்கேயும் போகவில்லை), மற்ற இருவர் மருத்துவம், மனநலம், சமூகப் பணி பக்கத்திலிருந்து. கறுப்பு அங்கி இல்லை, கூண்டு இல்லை, ஒரு மேஜை. எத்தனை நாளாக, வேலை இருக்கிறதா, வீட்டில் யார் என்று விசாரிப்பார்கள். விளையாட்டுக்கு இழுத்தவனை எச்சரித்து அனுப்புவார்கள். விழுந்து கிடப்பவனைச் சிகிச்சைக்குத் திருப்புவார்கள். விற்பவன் பழையபடி கோர்ட்டுக்குத்தான்.

பலன் வந்தது. அளவு மீறிச் சாவது குறைந்தது, ஊசி வழியாக எச்.ஐ.வி. வருவது வெகுவாகக் குறைந்தது. இங்கேதான் மீதிப் பாதி. சட்டத்தை மாற்றிய அதே கையோடு காசையும் இறக்கினார்கள். லிஸ்பன் தெருவில் வேன் வந்து, ஹெராயினுக்கு மாற்று மருந்தான மெதடோன் கொடுக்கும். பழைய ஊசியைக் கொடுத்துப் புது ஊசி வாங்கலாம். மீண்டு வந்தவனை வேலைக்கு வைக்கும் முதலாளிக்குக் கூலியில் ஒரு பங்கை அரசு தரும். 2012-க்குப் பிறகு பண நெருக்கடியில் இந்த அமைப்பைப் பிரித்துக் கையைச் சுருக்கினார்கள். போர்ட்டோ நகரத்தில் மறுபடியும் தெருவில் ஊசி கிடக்கிறது என்று ஜனங்கள் புகார் சொல்ல ஆரம்பித்தார்கள்.

காசு இறக்காமல் சட்டத்தை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்று அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் செய்து காட்டியது. 2020 நவம்பரில் ஜனங்களே ஓட்டுப் போட்டு, 2021 பிப்ரவரியிலிருந்து 100 டாலர் ஃபைன் மட்டும் என்று ஆக்கினார்கள். ஒரு நம்பருக்கு ஃபோன் செய்து உடல்நிலையைச் சொன்னால் அந்த ஃபைனும் தள்ளுபடி. பெரும்பாலானவர்கள் ஃபைனும் கட்டவில்லை, ஃபோனும் செய்யவில்லை. உட்காரவைத்துப் பேச மூன்று பேர் குழுவும் இல்லை. சிகிச்சைக்கு ஒதுக்கிய பணம் ஆமை வேகத்தில் வந்தது. அதே நேரம் பார்த்து ஃபென்டனில் என்ற கொடிய செயற்கைப் போதையும் ஊருக்குள் நுழைந்துவிட்டது. 2024 ஏப்ரலில் கவர்னர் கையெழுத்துப் போட்டு, செப்டம்பரிலிருந்து மறுபடியும் குற்றமாக்கிவிட்டார்கள்.

நம் ஊருக்கு வாருங்கள். 2019-ல் எய்ம்ஸ் மருத்துவர்கள் மத்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கையில், சட்டவிரோதப் போதைக்கு அடிமையானவர்களில் 20 பேரில் ஒருவருக்குத்தான் எப்போதாவது ஏதாவது சிகிச்சை கிடைத்திருக்கிறது என்று இருக்கிறது. என் கட்சிக்காரப் பையன் ஒருவனைச் சேர்க்க இடம் தேடி நானும் குமாஸ்தாவும் ஒரு மத்தியானம் முழுக்க ஃபோன் போட்டிருக்கிறோம். “புதன்கிழமை வாங்க”, “டாக்டர் லீவு”, “பெட் இல்லை”. ஆகவே தம்பி, 27-வது பிரிவை எடுக்கச் சொல்லி நீங்கள் மனுப் போட்டால் நானும் கையெழுத்துப் போடுவேன். மனுவின் முதல் பக்கத்தில் பெட் எண்ணிக்கையை எழுதுங்கள். சட்டப் பிரிவு இரண்டாம் பக்கத்தில் இருக்கட்டும்.

● எப்படியும் விற்கத்தான் போகிறார்கள். அரசே விற்றால் வரியாவது வருமே? கலப்படமும் இருக்காது.
டீக்கடைக்காரர், சிவகாசி

இதைத்தான் 2003 நவம்பரில் சாராயத்துக்குச் செய்தோம் அண்ணே. டாஸ்மாக் வழியாக 2023-24-ல் அரசுக்கு வந்தது 45,855 கோடி. அவ்வளவு வருகிற கடையை எந்த அரசாவது மூடுமா? வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடை நடப்பது 1937 மதுவிலக்குச் சட்டத்தின் கீழ், துறைக்குப் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை.

கள்ளச் சரக்கு ஒழிந்ததா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட்டைக் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். டாஸ்மாக் குவார்ட்டருக்குக் காசு போதாதவர்கள். கடையில் 150 என்றால் சந்தில் 60-க்கு விற்க ஒருவன் வருவான். கஞ்சாவுக்கும் வருவான்.

அதே எய்ம்ஸ் கணக்கில் நாட்டில் குடிப்பவர்கள் சுமார் 16 கோடி, கஞ்சாவும் பாங்கும் எடுப்பவர்கள் 3 கோடி சொச்சம். கடை இருப்பது மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லமாட்டேன். கடையும் ஒரு காரணம் இல்லை என்று நீங்கள் சொல்வீர்களா? தாய்லாந்துக்காரர்கள் 2022 ஜூனில் கஞ்சாவைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். ஒழுங்குமுறைச் சட்டம் வருவதற்குள் ஆயிரக்கணக்கில் கடை முளைத்துவிட்டது. 2025 ஜூனில் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று பின்வாங்கினார்கள். நடுவில் பாங்காக் விமானத்தில் மண்ணில்லாமல் தண்ணீரில் வளர்த்த ஹைட்ரோபோனிக் கஞ்சாவோடு சென்னைக்கு வந்து இறங்கிய பிள்ளைகளை நீங்கள் பேப்பரில் படித்திருப்பீர்கள். “அங்கே கடையில் விற்கிறார்களே சார்” என்று என்னிடமே ஒருவன் கேட்டான். கடையில்தான் விற்றார்கள், அங்கே. அவன் இறங்கியது இங்கே.

● கஞ்சா வியாபாரிகளுக்கு ஜாமீன் வாங்கிக் கொடுத்துச் சம்பாதித்தவர் நீங்கள். உங்களுக்கு இதைப் பேச என்ன யோக்கியதை?
பெயர், ஊர் இரண்டும் வேண்டாம் என்றவர்

யோக்கியதை குறைச்சல்தான். சம்பாதித்ததும் உண்மை. போதைத் தடுப்பு அதிகாரிகளிடம் கொடுத்த வாக்குமூலம் ஒப்புதல் வாக்குமூலமாகச் செல்லாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன அன்று, அது தமிழ்நாட்டு வழக்கு என்பதால் ஆபீஸில் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தவன் நான். ஆனால் என்னைக் குத்த வேண்டும் என்றால் நீங்கள் தவறான இடத்தில் குத்துகிறீர்கள். சரியான இடத்தை நானே காட்டுகிறேன்.

2012. 22 வயதுப் பையன், ஐ.டி.ஐ.யில் ஏ.சி. மெக்கானிக் முடித்தவன். 40 கிராம், செய்தித்தாளில் மடித்த பொட்டலம். 11 நாள் ரிமாண்டு. அவன் அம்மா தினமும் ஒரு பச்சை ஒயர் கூடையோடு என் ஆபீஸ் படியில் உட்கார்ந்திருப்பார். கூடைக்குள் எவர்சில்வர் தூக்குவாளி. விசாரணை அன்று வராந்தாவில் வைத்துப் பையனிடம் சொன்னேன்: “ஒத்துக்கிட்டா ஃபைன் கட்டிட்டு இன்னைக்கே வீட்டுக்குப் போயிரலாம் தம்பி. கேஸ் நடத்துனா ரெண்டு வருஷம் வாய்தாவுக்கு அலையணும். ஃபைனோட முடிஞ்சு போயிரும்.” மாஜிஸ்திரேட் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டபோது அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையாட்டினேன். உள்ளே இருந்த நாட்களே தண்டனை, அதோடு 5,000 அபராதம். அம்மா தூக்குவாளியைத் திறந்து, சோற்றுக்கு மேல் வைத்திருந்த பாலித்தீன் பையிலிருந்து நோட்டுகளை எண்ணிக் கொடுத்தார். என் ஃபீஸும் அதே பையிலிருந்துதான் வந்தது.

2015-ல் மறுபடி வந்தான். குவைத்தில் வேலை, விசாவுக்குப் போலீஸ் கிளியரன்ஸ் கேட்டிருக்கிறார்கள். அதில் 2012 தண்டனை ஏறி நிற்கிறது. “ஃபைனோட முடிஞ்சு போயிரும்னு சொன்னீங்களே சார்” என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டான். குற்றத்தை ஒப்புக்கொண்ட கேஸில் அப்பீலுக்குப் பெரிதாக இடமில்லை. ஏஜென்ட் வாங்கிய முன்பணம் திரும்பி வரவில்லை.

அந்தச் சட்டத்திலேயே 39-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சிறிய அளவில் மாட்டிய அடிமையை, அவன் சம்மதித்தால், தண்டனை சொல்லாமல் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு சிகிச்சைக்கு அனுப்பக் கோர்ட்டுக்கு அதிகாரம் கொடுக்கும் பிரிவு. அன்றைக்கு நான் அதைக் கேட்கவில்லை. டாக்டர் சான்று வாங்க வேண்டும், ஆஸ்பத்திரி தேட வேண்டும், நாலு வாய்தா கூடும். ஃபைன் சுலபம். என் 31 வருஷத்தில் 39-ல் நான் போட்ட மனுக்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். எல்லாம் 2015-க்குப் பிறகு போட்டவை.

அவன் இப்போது மதுரையிலேயே ஏ.சி. வேலை பார்க்கிறான். சித்திரை வெயில் தொடங்கும்போது என் ஆபீஸ் ஏ.சி.யைக் கழற்றித் தண்ணீர் அடித்துச் சுத்தம் செய்துவிட்டுப் போவான். அந்தப் பேச்சை எடுப்பதே இல்லை. கூலி மட்டும் சொன்ன கூலி, ஒரு ரூபாய் குறைக்கமாட்டான்.

● கோர்ட் வராந்தாவில் நீங்கள் மூக்குப்பொடி போடுவதைப் பார்த்தேன். ஊருக்குத்தான் உபதேசமா சார்?
ஜூனியர் வக்கீல், மதுரை

பார்த்துவிட்டீர்களா. சீனியர் ஆபீஸில் சேர்ந்த முதல் வருஷம், அவர் டப்பாவிலிருந்து பிடித்த பழக்கம். மூன்று தடவை விட்டிருக்கிறேன். நீளமாக நின்றது ஏழு மாதம், அதுவும் வீட்டம்மா டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்ததால். இதுவரை என்னை யாரும் ரிமாண்டு செய்யவில்லை. என்னிடம் ஒரு சிட்டிகை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு கூண்டு ஏறிய இன்ஸ்பெக்டர் உண்டு. வருகிற வியாழக்கிழமை டாக்டரிடம் போக வேண்டும். காலண்டரில் வீட்டம்மா சிவப்பில் வட்டம் போட்டுவைத்திருக்கிறார்.